ஆயுள் கைதிக்குப் பரோல் கேட்பது எப்படி? தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவருக்கும் பரோல் உண்டு. பல குடும்பங்களுக்கு இதுவே தெரிவதில்லை. "பெரிய கேஸு, அதெல்லாம் கிடைக்காது" என்று யாரோ சொன்னதை நம்பி, அப்பாவின் இறப்புக்குக்கூட மனு கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம், அப்புறம் தானாக வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நாள் எண்ணிக் காத்திருப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறான நம்பிக்கைகள். தமிழ்நாட்டுச் சிறையில் நீண்ட தண்டனை அனுபவிக்கும் ஒருவரின் குடும்பம் என்னென்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எதைக் கேட்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கப் படங்களில் வரும் பரோல் வேறு. அங்கே ஒரு குழு உட்கார்ந்து கைதியைக் கேள்வி கேட்கும். திருப்தி என்றால் மீதித் தண்டனையை வெளியில் கழிக்க அனுப்பிவிடும். நம் ஊரில் பரோல் என்பது சில நாள் விடுப்பு மட்டுமே. போனவர் குறித்த நாளில், குறித்த நேரத்துக்குள் சிறை வாசலில் திரும்பி வந்து நிற்க வேண்டும். சிறை அலுவலகத்தில் இதை விடுப்பு என்றுதான் எழுதுவார்கள். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்தான் இதற்கு அடிப்படை. அதில் இரண்டு வகை: அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது கிடைக்கும் ஜாமீன். அதைத் தருவது சிறை இல்லை, மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 389-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 430-ஆவது பிரிவு. உங்கள் ஆளின் அப்பீல் இன்னும் முடியவில்லை என்றால், சிறைக்கு மனு எழுதும் முன் வக்கீலிடம் இதைப் பேசிவிடுங்கள். இரண்டாவது, முன்விடுதலை. அது அரசு எடுக்கும் முடிவு. கிடைத்தால் திரும்பிப் போக வேண்டியதில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எந்த விண்ணப்பமாக இருந்தாலும், அதைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு அதிகாரியும் மனதுக்குள் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இவரை வெளியே விட்டால் பிரச்சினை இல்லாமல் போய், பிரச்சினை இல்லாமல் திரும்பி வருவாரா? குற்றம் எவ்வளவு கொடியது என்பதற்கு நீதிமன்றம் ஏற்கெனவே தண்டனை கொடுத்துவிட்டது. 2017-இல் அஷ்ஃபாக் என்ற ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தக் கோணத்தில்தான் பேசியது. குற்றம் கடுமையானது என்பதற்காக மட்டும் பரோல் கதவை மூடக் கூடாது. தப்பி ஓடும் ஆபத்து, மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து இவற்றைப் பார்க்க வேண்டும் என்றது. அந்த ஒரு கேள்விக்குத் தாளில் பதில் தயாரித்துக் கொடுப்பதே குடும்பத்தின் வேலை.

தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்

தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் தண்டனைப் பகுதி இருக்கும். அதை வக்கீலையோ, படித்த பிள்ளைகளையோ வைத்து வரிவரியாகப் படியுங்கள். வெறும் 'ஆயுள் தண்டனை' என்று இருக்கிறதா, அல்லது 'தண்டனைக் கழிவு இல்லாமல் 20 ஆண்டு', '30 ஆண்டு' என்று இருக்கிறதா, 'இயற்கை மரணம் வரை' என்று இருக்கிறதா? கழிவு என்பது நன்னடத்தைக்காகத் தண்டனையில் குறைக்கும் நாட்கள். மூன்றுக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இப்படிக் கழிவு இல்லாத நீண்ட தண்டனை விதிக்கலாம் என்று 2015-இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. சிறுவர் சிறுமியர் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் 'வாழ்நாள் முழுவதும்' என்ற சொற்கள் தீர்ப்பிலேயே வருவதுண்டு.

அப்புறம், எந்தெந்தப் பிரிவுகளில் தண்டனை என்று பாருங்கள். சாதாரண விடுப்பு கிடைக்காதவர்கள் என்று விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. பாலியல் வன்கொடுமை, கூட்டுக்கொள்ளை, கள்ளநோட்டு போன்ற சில குற்றங்கள் அதில் வருகின்றன. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் என்று வகைப்படுத்தப்பட்டவர், சிறைக்குள் நடத்தை சரியில்லாதவர், ஆபத்தானவர் என்று குறிக்கப்பட்டவர்களும் வருகிறார்கள். கொலைக் குற்றம் தன்னளவில் அந்தப் பட்டியலில் இல்லை.

மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம் பற்றிய சட்டத்தின் கீழ் தண்டனை இருந்தால் வழி சிக்கலாகும். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவருக்கு, அந்தச் சட்டத்தின் 32-ஏ பிரிவு தண்டனைக் குறைப்பையும் நிறுத்திவைப்பையும் தடுக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்கள் சிறையில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிட, உயர் நீதிமன்ற வக்கீல் ஒருவரை நேராகப் பார்ப்பது நல்லது.

விசாரணைக் கைதிக்கு இந்த விதிகள் பொருந்தாது. அவர் இடைக்கால ஜாமீனுக்கு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

சாவும் கல்யாணமும்: அவசர விடுப்பு

தந்தை, தாய், மனைவி அல்லது கணவர், மகன், மகள், உடன்பிறந்த சகோதரர், சகோதரி இவர்களில் ஒருவர் இறந்தாலோ, உயிருக்கு ஆபத்தான நோயில் கிடந்தாலோ அவசர விடுப்பு கேட்கலாம். கைதியின் திருமணம், பிள்ளைகள் திருமணம், உடன்பிறந்தவர் திருமணம் இவற்றுக்கும் கேட்கலாம். தாத்தா, சித்தப்பா, தாய்மாமன் இந்தப் பட்டியலில் இல்லை. தாத்தாதான் தூக்கி வளர்த்தார் என்றால் அதை எழுதிக் கேட்கலாம். விதியின்படி உரிமையாகக் கேட்க முடியாது.

ஓர் ஆண்டில் 15 நாள் வரை, நான்கு தவணைக்குள் இந்த விடுப்பு தரலாம். சிறைக் கண்காணிப்பாளர் மட்டத்திலேயே முடிவு எடுக்க முடியும் என்பதுதான் இதன் பலம். சாவு வீட்டில் நேரம் கிடையாது. அதனால் சாவுச் செய்தி வந்ததும் செய்ய வேண்டியதை முன்கூட்டியே வீட்டில் இருவருக்காவது சொல்லி வையுங்கள்.

ஒருவர் உடனே சிறைக்குக் கிளம்ப வேண்டும். கையில் எடுத்துப் போக வேண்டியவை: கைதியின் பெயர், தண்டனைக் கைதி எண், எந்த பிளாக், இறந்தவருடன் அவருக்கு உள்ள உறவைக் காட்டும் ரேஷன் கார்டு அல்லது ஆதார் நகல், மருத்துவமனையில் இறந்திருந்தால் அங்கே கொடுத்த சீட்டு, வீட்டில் இறந்திருந்தால் வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட சான்று. இறப்புச் சான்றிதழ் அன்றைக்கே கிடைக்காது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். மற்றொருவர் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், சிறையிலிருந்து விசாரிப்பார்கள், சாவு உண்மைதான் என்று சொல்லிவிடுங்கள் என்று முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும். சிறை அலுவலகம் ஸ்டேஷனுக்குப் போன் அடிக்கும் நேரத்தில் அங்கே இருப்பவருக்கு விஷயமே தெரியாமல் இருந்தால் அரை நாள் போய்விடும். அடக்கம் எத்தனை மணிக்கு, எந்த ஊரில் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். பெரும்பாலும் வழிக்காவலுடன்தான் அனுப்புவார்கள். போலீஸ் வண்டியில் வந்து, காரியம் முடித்து, அதே வண்டியில் திரும்புவது மாதிரிதான் இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், அப்பா போலீஸோடு வருவார் என்பதை அவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு இந்த அவசரம் இல்லை. பத்திரிகை அச்சடித்த மறுநாளே மனு கொடுங்கள். பத்திரிகை, மண்டப ரசீது, மணமகன் மணமகள் ஆதார் நகல் இவை போதும். பத்திரிகையில் கைதியின் பெயர் அப்பா அல்லது அண்ணன் என்ற இடத்தில் இருக்கட்டும். சம்பந்தி வீட்டுக்குச் சங்கடம் என்று பெயரை எடுத்துவிட்டு அச்சடித்தால், உறவை நிரூபிக்க வேறு காகிதம் தேட வேண்டிவரும்.

சாதாரண விடுப்பு: காரணத்தை எழுதுவதில்தான் வேலை

மூன்று ஆண்டு சிறையில் கழித்த பிறகுதான் சாதாரண விடுப்பு கேட்கும் தகுதி வரும். ஒரு தடவை போய்த் திரும்பினால், அடுத்ததற்கு அந்தத் திரும்பிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு சிறையில் கழிந்திருக்க வேண்டும். கிடைக்கும் நாட்கள் பெரும்பாலும் மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை. முடிவு எடுப்பவர் அந்தச் சரகத்தின் சிறைத்துறை டி.ஐ.ஜி.

விதிகள் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் இவை: குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்வது, பிள்ளைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ப்பது, வீடு கட்டுவது அல்லது பழுது பார்ப்பது, கல்யாண ஏற்பாடு, பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறைத் தீர்ப்பது, விதைப்பு, அறுவடை போன்ற வயல் வேலை, இவை தவிர வேறு அசாதாரணமான காரணம். இந்தக் கடைசி வரிக்குள் என்னென்ன வரும் என்பது நீதிமன்றங்களில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. குழந்தையில்லாத கைதி கருத்தரிப்பு சிகிச்சைக்காகக் கேட்பது அசாதாரணக் காரணமாக அமையலாம், மனைவியோடு இருப்பதற்காக மட்டும் கேட்பது அமையாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் சொன்னது.

மனுவில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, எல்லாக் காரணத்தையும் ஒன்றாகப் போட்டு எழுதுவது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீடு ஒழுகுகிறது, மகளை காலேஜில் சேர்க்க வேண்டும், தம்பியோடு நிலத்தகராறு என்று நாலையும் எழுதினால் எதற்கும் ஆதாரம் போதாமல் போகும். ஒரு காரணத்தை எடுங்கள். அதற்கு ஏன் இவரே வர வேண்டும், வேறு யாரும் ஏன் செய்ய முடியாது என்று சொல்லுங்கள். 'வீடு பழுது பார்க்க' என்பதைவிட, 'மழையில் பின்சுவர் இடிந்துவிட்டது, வீட்டில் நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் மட்டும் இருக்கிறோம், கொத்தனார் மதிப்பீடு இணைத்துள்ளேன், வீடு என் கணவர் பெயரில் இருப்பதால் கடன் வாங்க அவர் கையெழுத்து வேண்டும்' என்பது அதிகாரி எடுத்து எழுதக்கூடிய காரணம். கூடவே சுவரின் போட்டோ, வீட்டு வரி ரசீது, பட்டா நகல்.

மனுவைக் கைதியும் கொடுக்கலாம், உறவினரும் கொடுக்கலாம். இரண்டும் போவது நல்லது. ஆனால் இரண்டிலும் காரணமும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் அடுத்த தடவை சிறைக்கு அவரைப் பார்க்கப் போகும்போது இதை உட்கார்ந்து பேசுங்கள். இன்ன காரணம், இன்ன தேதி, இன்ன வீடு என்று ஒரே மாதிரி எழுத முடிவு செய்யுங்கள். சிறை நல அலுவலர் மனு எழுத உதவுவார். கேட்கத் தயங்க வேண்டாம்.

குடும்பத்தின் மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் உயர் நீதிமன்றம் போக வேண்டி வந்தால், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

விசாரணை அறிக்கை: மனு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்

மனு கிடைத்ததும் சிறை நிர்வாகம் இரண்டு இடங்களுக்கு எழுதும்: நன்னடத்தை அலுவலருக்கும் உள்ளூர் போலீஸுக்கும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். யார் யார் இருக்கிறார்கள், வருமானம் என்ன, கைதி வந்தால் எங்கே தங்குவார், அக்கம்பக்கம் என்ன சொல்கிறது என்று விசாரிப்பார். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். வீட்டில் சண்டை இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் விசாரிக்கும்போது அது எப்படியும் தெரிந்துவிடும். அப்போது நீங்கள் சொன்ன மற்றதும் பொய்யாகத் தெரியும்.

போலீஸ் அறிக்கைதான் பல மனுக்களை வீழ்த்துகிறது. அதில் வழக்கமாக வரும் வரி, 'இவர் ஊருக்கு வந்தால் எதிர்த் தரப்பால் இவர் உயிருக்கோ, இவரால் எதிர்த் தரப்புக்கோ ஆபத்து. சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும்' என்பது. இதைக் குடும்பங்கள் அநியாயம் என்று எடுத்துக்கொள்கின்றன. சில நேரம் அது யோசிக்காமல் எழுதிய வரியாகவும் இருக்கும். ஆனால் ஒரே தெருவில் நடந்த கொலை என்றால், எதிர்வீட்டில் கணவனையோ மகனையோ இழந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் இவரைத் தெருவில் பார்க்கும்போது என்ன ஆகும் என்று போலீஸ் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

நல்ல பதில், வேறு முகவரி. சம்பவம் நடந்த ஊரில் தங்க வைக்கிறோம் என்று எழுதாமல், வேறு தாலுகாவிலோ மாவட்டத்திலோ இருக்கும் அக்கா வீட்டிலோ மாமனார் வீட்டிலோ தங்குவார் என்று எழுதுங்கள். அந்த உறவினர் சம்மதக் கடிதமும் தன் ஆதார் நகலும் தர வேண்டும். அப்போது விசாரணை அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போகும். அங்கே பழைய பகை இல்லை. வயல் வேலைக்கு, வீட்டு வேலைக்குச் சொந்த ஊர் போயே ஆக வேண்டும் என்றால், பகலில் போய் மாலையில் திரும்ப அனுமதி கேளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் போய் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்து வாங்க முயற்சி செய்யாதீர்கள். ஊர்ப் பெரியவர்களை விட்டுப் பேசவும் வேண்டாம். அது அவர்கள் புண்ணை மறுபடி கிளறுவது. மிரட்டினார்கள் என்று ஒரு புகார் வந்தால், இந்த மனு மட்டும் இல்லை, இனி வரும் மனுக்களும் அடிபடும்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவில் நிபந்தனைகள் இருக்கும். சொந்தப் பிணையும் ஜாமீன்தாரர்களும் கேட்பார்கள். ஜாமீன் நிற்பவர்களை முன்கூட்டியே தயார் செய்து, அவர்கள் வீட்டு வரி ரசீதையோ சொத்து ஆவணத்தையோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் நாட்கள் போவது வேதனையான விஷயம்.

வெளியே இருக்கும் நாட்களில் குறிப்பிட்ட வீட்டில்தான் தங்க வேண்டும். குறிப்பிட்ட ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதி இல்லாமல் வேறு ஊருக்குப் போகக் கூடாது. வழக்கைப் பொறுத்துக் கூடுதல் நிபந்தனைகளும் வரும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த நளினி, மகளின் திருமண ஏற்பாட்டுக்காக ஆறு மாதம் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே நேரில் வாதாடினார். 2019 ஜூலையில் ஒரு மாதம் கிடைத்தது. அரசியல்வாதிகளையோ ஊடகங்களையோ சந்திக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. அதே வழக்கில் 1991-இல் கைதான பேரறிவாளன் 2017 ஆகஸ்டில்தான், தந்தையின் உடல்நிலையைக் காரணம் காட்டி, முதல் முறையாகப் பரோலில் வீட்டுக்கு வந்தார்.

முதல் நாள் வீட்டில் கூட்டம் கூட்டாதீர்கள். மாலை, பட்டாசு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதுவும் வேண்டாம். எதிர்த் தரப்பு பார்க்கும் என்பது ஒரு காரணம். பல வருஷம் உள்ளே இருந்தவருக்கு, சத்தமும் கூட்டமும் தாங்காது என்பது அதைவிடப் பெரிய காரணம். சிறையில் சாயங்காலமே அறையைப் பூட்டிவிடுவார்கள். அப்படிப் பழகியவர் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருப்பார், கதவைத் திறந்து வெளியே போகத் தயங்குவார். பிள்ளைகள் முதலில் கிட்டே வரமாட்டார்கள். இதெல்லாம் நடக்கும். பொறுமையாக இருங்கள்.

திரும்பும் நாளுக்கு முந்தைய நாளே சிறை இருக்கும் ஊருக்குப் போய்விடுவது பாதுகாப்பு. பஸ் தாமதம், ரயில் ரத்து என்ற காரணங்கள் அங்கே எடுபடாது. உண்மையிலேயே நீட்டிப்பு தேவைப்பட்டால், கெடு முடிவதற்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். மனு கொடுத்துவிட்டோம் என்பதற்காக வீட்டிலேயே இருக்கக் கூடாது. நீட்டிப்பு உத்தரவு கைக்கு வரும்வரை பழைய தேதிதான் தேதி. நிபந்தனையை மீறினால் அரசு தண்டனை நிறுத்திவைப்பை, அதாவது இந்த விடுப்பை, ரத்து செய்யலாம். போலீஸ் வாரண்ட் இல்லாமலே பிடித்து உள்ளே அனுப்பலாம். சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அதோடு, ஒரு தடவை தாமதமாகத் திரும்பியது அவருடைய சிறைப் பதிவேட்டில் ஏறிவிட்டால், நான் மேலே சொன்ன அந்த ஒரே கேள்விக்கு அந்தப் பதிவே பதில் சொல்லிவிடும்.

மறுத்துவிட்டால்

எழுத்தில் காரணத்தோடு உத்தரவு கேளுங்கள். வாய்மொழியாக 'ரிஜக்ட் ஆயிடுச்சு' என்று சொன்னால் ஏற்காதீர்கள். மனு என்ன ஆனது என்றே தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு.

காரணம் போலீஸ் அறிக்கை என்றால், வேறு முகவரியோடு புது மனு. விதியில் இடமில்லை என்றால், எந்த விதியிலிருந்தும் ஒருவருக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தரும் 40-ஆவது விதி இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு உள்துறைச் செயலாளருக்கு மனு போடலாம். இதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. நீதிமன்றம் நேராக விடுப்பு தருவதும் உண்டு. இத்தனை நாளுக்குள் மனுவைப் பரிசீலி என்று உத்தரவிடுவதும் உண்டு.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதால் நின்றுவிடாதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். பெண்களுக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

14 ஆண்டுக் கணக்கும் முன்விடுதலையும்

ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முழுவதும்தான். கோபால் கோட்சே வழக்கில் 1961-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 14 ஆண்டு என்பது எங்கிருந்து வந்தது? மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை, குறைந்தது 14 ஆண்டு சிறையில் இருக்காமல் விடுவிக்கக் கூடாது என்று 1978-இல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இப்போது அது புதிய சட்டத்தில் 475-ஆவது பிரிவு. ஆக, 14 ஆண்டு முடிந்தால் அவரைப் பற்றி அரசு யோசிக்கலாம். விட்டே ஆக வேண்டும் என்று இல்லை.

கணக்கை நீங்களே போட்டு வையுங்கள். விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும். நன்னடத்தைக்காகக் கிடைத்த கழிவு இந்த 14-இல் சேராது. ஜாமீனில் இருந்த நாட்கள் சேராது. பரோல் நாட்களும் சேராது. 2023 ஜனவரியில் கோவா சிறைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஓர் உதாரணம்: 2011 ஜனவரியில் கைதானவர், இடையில் ஒரு வருஷம் ஜாமீனில் இருந்தார், பரோலில் மொத்தம் 150 நாள் வந்துபோனார் என்றால், அவருடைய 14 ஆண்டு 2025 ஜனவரியில் முடியாது, 2026 ஜூனை ஒட்டித்தான் முடியும். வெளியே இருந்த ஒவ்வொரு நாளும் பின்னால் கூடும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் பரோல் கேட்க வேண்டும். அதற்காகக் கேட்காமல் இருக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் அப்பா முகத்தை மறக்காமல் இருப்பதற்கு அந்த நாட்கள் தேவை.

14 ஆண்டு முடிந்தவரின் பெயர் ஆலோசனைக் குழுவுக்குப் போகும். மறுபடியும் நன்னடத்தை அலுவலர், போலீஸ் அறிக்கைகள். எதைப் பார்க்க வேண்டும் என்று லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: குற்றம் சமூகத்தையே பாதித்ததா, மறுபடி செய்ய வாய்ப்பு உண்டா, செய்யும் திறன் இன்னும் இருக்கிறதா, இனியும் அடைத்து வைப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. இதுவரை ஒழுங்காகப் போய்த் திரும்பிய பரோல்கள் இங்கே பேசும். சிறையில் படித்தது, தொழில் கற்றது, வெளியே வந்தால் யார் வேலை தருவார்கள் என்ற கடிதம், எல்லாவற்றையும் இணையுங்கள். விண்ணப்பம் வரவில்லை என்று அரசு சும்மா இருக்க முடியாது. கொள்கை இருக்கும் மாநிலங்கள் தகுதி வந்தவர்களைத் தாமாகவே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருந்தாலும் நீங்கள் ஒரு மனு கொடுத்து வையுங்கள்.

முடிவு எடுக்க வேண்டியது தண்டனை விதித்த நீதிமன்றம் இருக்கும் மாநிலத்தின் அரசு. பில்கிஸ் பானு வழக்கில் குற்றம் நடந்தது குஜராத்தில், விசாரணை நடந்தது மகாராஷ்டிராவில், 11 பேரை விடுவித்தது குஜராத் அரசு. அதற்கு அதிகாரம் இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, அத்தனை பேரையும் சிறைக்குத் திரும்பச் சொன்னது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கு என்றால் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும்.

இதற்கு வெளியே இன்னொரு கதவு இருக்கிறது: அரசியல் சாசனத்தின் 161-ஆவது பிரிவில் ஆளுநருக்கு உள்ள அதிகாரம். தலைவர்கள் பிறந்தநாளை ஒட்டி ஆயுள் கைதிகளை விடுவிப்பது பெரும்பாலும் இதன் வழியேதான். 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 10 ஆண்டு முடித்தவர்களுக்கு அரசாணை வந்தது. 14 ஆண்டுத் தடை இந்தப் பிரிவைக் கட்டுப்படுத்தாததால்தான் அது முடிந்தது. ஒவ்வொரு அரசாணையிலும் யார் யாருக்குப் பொருந்தாது என்று ஒரு பட்டியல் இருக்கும். பத்திரிகைச் செய்தியை நம்பாமல் அரசாணையையே வாங்கிப் படியுங்கள். ஆளுநர் அமைச்சரவையின் முடிவுப்படிதான் நடக்க வேண்டும் என்றாலும் காலதாமதம் ஆகலாம். பேரறிவாளனுக்காக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. கடைசியில் உச்ச நீதிமன்றமே 2022 மே 18 அன்று விடுவிக்க வேண்டி வந்தது.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கைதான தேதி, ஜாமீனில் வந்த தேதி, சரணடைந்த தேதி, தீர்ப்புத் தேதி, அப்பீல் முடிந்த தேதி, ஒவ்வொரு பரோலுக்கும் போன நாள், திரும்பிய நாள். ஒவ்வொரு மனுவின் நகலையும் உத்தரவையும் அதே பையில் வையுங்கள். அடுத்த மனு எழுதும்போதும், ஆலோசனைக் குழுவிலிருந்து விசாரிக்க வரும்போதும், வக்கீல் மாறும்போதும் முதலில் கேட்கப்படுவது இந்தத் தேதிகள்தான்.